நார்ச்சத்து குறைந்தால் குடல் ஏன் கெடுகிறது?

ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களைப் பெருங்குடல் புற்றுநோய் அதிகம் தாக்குகிறது. தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் அது மிக அரிது. காரணம் சாப்பாடுதானா என்று ஆய்வாளர் ஸ்டீபன் ஓகீஃப் குழுவினர் நேரடியாகவே சோதித்தார்கள். இரு தரப்பிலும் தலா 20 பேர். இரண்டு வாரத்துக்கு உணவு இடம் மாறியது: கிராமத்தாருக்குக் கொழுப்பும் இறைச்சியும், அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து மிக்க மக்காச்சோளமும் பயறும். கிராமத்தாருக்கு இது விருந்து என்றுதான் தோன்றும். அவர்கள் குடலுக்கு அப்படி இல்லை.

நார்ச்சத்தைச் செரிக்க நம் உடலில் நொதி கிடையாது. பெருங்குடல் பாக்டீரியாக்களே அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட்டைத் தருகின்றன. குடல்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான்; அழற்சியையும் அது தணிக்கிறது. கொழுப்பு மிகுந்தால் பித்தநீர் கூடுதலாகச் சுரக்கும். வேறு பாக்டீரியாக்கள் அதிலுள்ள அமிலங்களை டி.என்.ஏ.வைச் சிதைக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிடும்.

2015-ல் வெளியான முடிவு: அமெரிக்கர்களிடம் பியூட்டிரேட் உற்பத்தி இரண்டரை மடங்காக உயர்வு, கிராமத்தாரிடம் பாதியாகச் சரிவு. குடல்சுவரின் அழற்சியும் செல் பெருக்கமும் அதற்கேற்ப அமெரிக்கர்களிடம் இறங்கின, கிராமத்தாரிடம் ஏறின. இவை அபாயத்தின் அடையாளங்கள் மட்டுமே. புற்றுநோய் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.