ஒற்றியூர் ராகங்களுக்கு என்ன நிறம்?

அரூப ஓவியத்தின் முன் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, 'இது என்ன?' என்பதுதான். என் ஓவியங்களின் முன் அக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அவற்றுக்குப் பேகடா, ஆரபி, சுத்த சாவேரி என்று ராகங்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறேன். 'இதில் பேகடா எங்கே இருக்கிறது?' என்கிறார்கள். நியாயமான கேள்வி. 'விளக்க முடியாது, உணரத்தான் வேண்டும்' என்று ஓவியன் நழுவுவது பார்வையாளரை அவமதிப்பதாகும் என்பது என் கருத்து. எது எதுவாக மாறியது என்பதைச் சொல்ல முடியும்; சொல்லவும் வேண்டும்.

இசையைப் படமாக்குவது நமக்குப் புதிதன்று. ராஜஸ்தானத்திலும் தக்காணத்திலும் பஹாடி நாடுகளிலும் பல நூற்றாண்டுகள் தழைத்த ராகமாலா ஓவியங்கள் அதைத்தான் செய்தன. ஆனால், அவை ராகத்தின் ஒலியைத் தீட்டவில்லை. ராகத்தை ஓர் ஆணாகவோ பெண்ணாகவோ உருவகித்த தியானச் செய்யுளைத் தீட்டின. மானுக்கு வீணை வாசிக்கும் பெண்ணைக் கண்டால் தோடி என்று அறிந்துகொள்ளலாம். தோடியின் கமகம் அந்தப் படத்தில் இராது. கர்நாடக இசை வழங்கிய தெற்கில் அத்தகைய ஓவிய மரபு வேரூன்றவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர் எஸ்.ராஜம் (1919-2010). சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றவர். விவாதி ராகங்களில் தேர்ந்த பாடகர். சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் நம் மனக்கண்ணில் எழும் உருவங்கள் பெரும்பாலும் அவர் தூரிகை தந்தவை. பாடவும் தீட்டவும் ஒருசேர அறிந்த அவரும் உருவத்தைக் கைவிடவில்லை. அஜந்தா மரபில் ஊறியவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

உருவத்தைக் கைவிட்டு ஒலியை மட்டும் பற்றிக்கொண்ட கதை ஐரோப்பாவில் நடந்தது. அதற்குத் தேதிகூட உண்டு. 1911 ஜனவரி 2 அன்று மியூனிக் நகரில் அர்னால்ட் ஷான்பெர்க்கின் இசை நிகழ்ச்சியை வாசிலி காண்டின்ஸ்கி கேட்டார். உடனே கரிக்கோலால் குறிப்புப் படங்கள் வரைந்தார். அவற்றில் பியானோவும் அதைச் சூழ்ந்த மனிதர்களும் அடையாளம் தெரிகின்றனர். பின்னர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியபோது பியானோ கரிய பெருந்திட்டாக மாறிற்று. கூட்டம் சாய்ந்த வளைவுகளாயிற்று. பரப்பின் பெரும்பகுதியை மஞ்சள் விழுங்கிக்கொண்டது. 'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)' என்ற அந்த ஓவியம் மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குறிப்புப் படத்திலிருந்து ஓவியத்துக்கு வரும் வழியில் அவர் எதையெதை விட்டார் என்று பார்த்தாலே அரூபம் எப்படிப் பிறக்கிறது என்பது விளங்கிவிடும்.

அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த தமது நூலில் காண்டின்ஸ்கி நிறங்களுக்கு வாத்தியங்களைப் பொருத்தினார். மஞ்சள் எக்காளம், இளநீலம் புல்லாங்குழல், அடர்நீலம் செல்லோ என்று அந்தப் பட்டியல் போகும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். ஸ்வரத்துக்கு ஒரு நிறத்தை ஒதுக்கிவிட்டால் இசை ஓவியமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் ஏழு ஸ்வரங்களுக்கும் நிறம் சொல்கிறது. நியூட்டன் நிறமாலையை ஏழாகப் பகுத்ததே இசையின் ஏழு ஸ்வரங்களை மனத்தில் கொண்டுதான். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் 1910இல் முடித்த 'ப்ராமிதியஸ்' படைப்பில் நிற ஒளியை வீசும் கருவிக்கும் சேர்த்தே ஸ்வரம் எழுதினார். இவர்களில் ஒருவர் பட்டியல் மற்றவருடையதோடு ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போனாலும் நம் இசைக்கு அது உதவாது. காரணம் எளிது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணம், அவரோகணம் இரண்டும் ஒன்றே. ஸ்வரத்துக்கு ஒரு நிறம் என்று வைத்தால் இரண்டும் ஒரே ஓவியமாகிவிடும். கேட்பவர் எவரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆரபி நிமிர்ந்து விரைந்து நடக்கும். தேவகாந்தாரி இழைந்து நின்று நின்று செல்லும். வேறுபாடு ஸ்வரத்தில் இல்லை, போக்கில் இருக்கிறது. ஓவியத்தில் போக்கு என்பது கோடு.

நான் காண்டின்ஸ்கியை விட்டு பால் க்ளேயின் பக்கம் சாய்ந்தது இதனால்தான். க்ளே தேர்ந்த வயலின் கலைஞர். பௌஹவுஸ் பள்ளியில் பாடம் நடத்துகையில் பாக் இசையின் சில வரிகளைக் கட்டமிட்ட தாளில் கோடுகளாக எழுதிக் காட்டினார். ஒலி உயர்ந்தால் கோடு ஏறும், நீண்டால் கோடு நீளும். கணக்குப்பிள்ளை வேலைபோலத் தோன்றும். உணர்ச்சியை நம்பிக் கண்டபடி வண்ணத்தை வாரியிறைப்பதைவிட அந்தக் கணக்கு நேர்மையானது.

இனி என் வேலை. திருவொற்றியூரில் வசிக்கும் ஓவியனுக்கு இசையைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. தியாகராஜர் இங்குள்ள திரிபுரசுந்தரியின் மீது, நாம் வடிவுடையம்மன் என்று அழைக்கும் அவள் மீது, ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். கோயில் பெயர் பெறும் இறைவனும் தியாகராசரே என்பது இனிய பொருத்தம். அவருடைய சீடர் வீணை குப்பய்யர் இவ்வூரோடு தொடர்புடையவர். குப்பய்யரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் என்றே அறியப்பட்டார். ஐந்து பாடல்களில் மூன்று 'சுந்தரி' என்ற விளியோடு தொடங்குகின்றன. ராகங்கள் கல்யாணி, பேகடா, ஆரபி, சுத்த சாவேரி, சாவேரி.

இந்த ஐந்தையும் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் ஓவியத் தொடருக்கான வழி திறந்தது. சுத்த சாவேரி ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்து ஸ்வரங்களோடு நிற்பது: ஸ ரி ம ப த. ஆரபி அதே ஐந்தில் ஏறுகிறது; இறங்கும்போது நிஷாதத்தையும் காந்தாரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. சாவேரியும் ஆரபியைப் போலவே ஐந்தில் ஏறி ஏழில் இறங்குவது. ஆனால், ரிஷபமும் தைவதமும் சுத்த ஸ்தானத்துக்குத் தாழ்ந்துவிடுகின்றன. அந்த இரண்டு ஸ்வரம் தாழ்ந்த அளவில், நிமிர்ந்த ராகம் உருகிப்போகிறது. ஆக மூன்று கித்தான்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். சுத்த சாவேரியில் ஐந்து பட்டைகள், இடையில் வெற்றிடம். ஆரபியில் அதே பட்டைகள், இறங்கும் பக்கத்தில் மட்டும் இரண்டு மெல்லிய கீற்றுகள். ஆரபியின் காந்தாரமும் நிஷாதமும் போகிற போக்கில் தொட்டு விடப்படுபவை என்பதால் அவற்றைத் தூரிகையால் தீட்டாமல் தட்டையான கத்தியின் விளிம்பால் இழுத்துவிட்டேன். சாவேரியில் இரண்டு பட்டைகளைக் கீழே இறக்கி, ஈரம் காயுமுன் தண்ணீர் தெளித்து விளிம்புகளைக் கரையவிட்டேன். மூன்றையும் வரிசையாக மாட்டினால், ராக இலக்கணம் அறியாதவரும் 'இவை மூன்றும் உறவினர்' என்று சொல்லிவிடுவார். சொல்லியும் இருக்கிறார்கள்.

கல்யாணி அகலமானது, கதவு எல்லாம் திறந்த வீடு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேகடாதான் பாடாய்ப் படுத்தியது. நேராக ஏறாத, வளைந்து திரும்பும் ராகம். அதன் நிஷாதமும் மத்திமமும் வழக்கமான இடத்தினின்று சற்றே விலகி ஒலிப்பவை என்பார்கள் வித்வான்கள். விலகல் என்றால் எவ்வளவு? அளவுகோலில் அடங்காத அந்த விலகலைக் காட்ட, ஒரே கோட்டை இருமுறை இழுத்தேன். இரண்டாவது கோடு முதல் கோட்டின்மேல் சரியாக விழாமல் ஒரு மயிரிழை தள்ளி விழவேண்டும். கை அறிந்து செய்தால் அது பொய்யாகிவிடும். அறியாமல் விழும்வரை பதினான்கு தாள்கள் போயின.

முறை இதுதான். இரண்டு வாரம் தூரிகையைத் தொடாமல் கேட்பேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பழைய செய்தித்தாளில் கரியால் கோடு போடுவேன். பாட்டு முடியும்போது கையும் நிற்க வேண்டும். நாற்பது தாள்களில் திரும்பத் திரும்ப வரும் வளைவு எதுவோ, அதுவே அந்த ராகத்தின் பிடி என்று கொள்வேன். கித்தானைத் தாளத்தின்படி பகுப்பேன்: ஆதி தாளத்துக்கு நான்கு, இரண்டு, இரண்டு, ஆரபிப் பாட்டின் மிஸ்ர சாபுக்கு மூன்றும் நான்கும். தம்புராவே பின்புலம். பஞ்சமத்தில் ஒரு தந்தி, ஸட்ஜத்தில் மூன்று என்பதால், சுவருக்கு வண்ணமடிக்கும் உருளையால் ஒரு நிறத்தை ஒருமுறையும் மற்றொன்றை மும்முறையும் மெல்லிய பூச்சாகப் பூசுவேன். மேற்கத்திய இசைபோல நம்மிடம் ஸ்வரங்கள் அடுக்கடுக்காக ஒலிப்பதில்லை. நிற்கும் சுருதியும் அதன்மேல் அலையும் ஒற்றைக் கோடுமே எல்லாம். ஆகவே, காண்டின்ஸ்கியின் நெரிசலை நம் ராகத்தின் மேல் சுமத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பின்புலத்தின் நிறம் எங்கிருந்து வருகிறது? சாளரத்திலிருந்து. இங்கே நாள் முழுதும் ஒலிக்கும் சுருதி கன்டெய்னர் லாரிகளின் இயந்திர ஓசை, அதற்கப்பால் கடல். எண்ணூர்ப் பக்கத்து வானம் மாலையில் கொள்ளும் சாம்பல் கலந்த செம்மையே பேகடாவின் பின்புலம். அருகிலுள்ள மணலியில், இன்று சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கும் அந்த ஊரில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரங்களைப் புனைந்ததற்கும், தம்பி பாலுசுவாமி வயலினை நம் மேடைக்குக் கொணர்ந்ததற்கும் அந்த வாழ்க்கையே வழிவகுத்தது. இசைக்குச் சற்றும் தொடர்பில்லாத பகுதி என்று வடசென்னையை நினைப்பவர்கள் மணலியை நினைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று மட்டும் தீராத சிக்கல். 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொலியாக வெளிவந்தது. எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே நின்று அவர் பாடினார். கபேர் வாசுகி பேச்சுத் தமிழில் எழுதி, ஆர்.கே.ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக அமைத்தது. அதில் பேகடா உண்டு, தேவகாந்தாரியும் உண்டு. அம்மன் சந்நிதியில் ஒலித்த பேகடா கொசஸ்தலையாற்றின் கரையில் புறம்போக்கு என்ற சொல்லைச் சுமந்தது. அதே மாதம் 28ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் வந்து ஒதுங்கியது. மனிதர்கள் வாளிகளில் அள்ளினார்கள். நீரின்மேல் மிதந்த எண்ணெய்ப் படலம் வெயிலில் ஊதாவும் பச்சையும் பொன்னுமாக மின்னியது. எந்த அரூப ஓவியனும் பொறாமைப்படும் வண்ணம்.

அந்த வண்ணத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அரூபம் வெறும் அலங்காரமாகி, கழுத்துப் பட்டி, கம்பளத்தின் பூ வேலைப்பாடாகச் சுருங்கிவிடலாம் என்று காண்டின்ஸ்கியே அஞ்சினார். நம் ஊரில் அந்த அச்சத்துக்கு இன்னொரு முகம் உண்டு. மீனவரின் வலையில் ஒட்டிய எண்ணெய் யாரோ ஒருவரின் வரவேற்பறையில் 'நீலமும் பொன்னும்' என்று தொங்கக் கூடாது. இருபது ஸ்வரங்கள் கேட்டு ஒரு கோடு போடும் இந்தக் கட்டுப்பாடெல்லாம் அதற்காகவும்தான்: கோடு பாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும், படலம் அழகாக இருந்தது என்பதற்காக வந்திருக்கக் கூடாது. அந்தப் பேகடா ஓவியத்தில் எண்ணெய் இருக்கிறது. வண்ணமாக இல்லை; கீழ்விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்குப் பின்புலமே தெரியாத கருமையாக. தம்புராவின் சுருதி அந்த இடத்தில் கேட்காது.

ஐந்து கித்தான்களும் ஒவ்வொன்றும் நான்கடிச் சதுரம். இடைவெளியோடு மாட்ட முப்பதடிச் சுவர் வேண்டும். நகரின் ஓவியக்கூடங்கள் பெரும்பாலும் தெற்கே இருக்கின்றன. இசைவிழாவின் சபாக்களும் அங்கேதான். இவ்வூர்ப் பாடல்களை முதலில் இவ்வூரார் பார்க்க வேண்டும் என்பதற்காக, தேரடியை ஒட்டிய ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் பத்து நாளுக்குக் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கி வைக்கப் போவதில்லை. பாட்டைக் கேட்க விரும்புவோருக்கு வாசலில் ஐந்து காதொலிப்பான்கள் இருக்கும். முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கேட்கலாம்.