பனையேறியும் பினாங்குச் செடிகளும்: இயற்கை வரலாற்றில் அறிஞர் கழகங்களின் பங்கு

கெலுகோர் என்னும் இவ்வூர்ப் பெயர் ஒரு மரத்தின் பெயர். அதன் புளிப்பான காயைச் சீவி வெயிலில் உலர்த்தி ‘ஆசாம் கெப்பிங்’ என்று சந்தையில் விற்கின்றனர். பினாங்குத் தமிழர் இல்லங்களில் மீன் குழம்புக்குப் புளிக்கு மாற்றாக அது இடப்படுவதை அறியாதார் இல்லை. நம் குடம்புளிக்கு அது நெருங்கிய உறவு. அறிவியலார் அதனைக் கார்சினியா அட்ரோவிரிடிஸ் என்பர். அப்பெயரின் பின்னே, தாவரவியல் மரபுப்படி, கிரிஃபித், ஆண்டர்சன் என இருவர் பெயர்கள் ஒட்டியிருக்கும். பெயரை முதலில் இட்டவர் வில்லியம் கிரிஃபித். அவர் 1845இல் மலாக்காவில் இறந்தார். அவர் இட்ட பெயரைத் தாமஸ் ஆண்டர்சன் ஏற்று விளக்கம் எழுதினார். அவரும் 1870இல் மறைந்தார். ஹூக்கர் தொகுத்த இந்தியத் தாவர நூல்வரிசையில் அப்பெயர் அச்சேறிய ஆண்டு 1874. ஒருவர் கண்டதற்கும் உலகம் அதனை அறிந்ததற்கும் இடையே ஒரு தலைமுறைக்காலம் கழிந்துவிட்டது.

இயற்கை வரலாற்றில் இத்தகைய இடைவெளிகள் ஏராளம். அவற்றைக் கடப்பதற்குத் தனிமனிதரின் கூர்த்த கண் மட்டும் போதாது. கண்டதை ஏற்றுப் பதிவதற்கும், ஐயுற்றுக் கேட்பதற்கும், அச்சிட்டுப் பிறருக்கு அனுப்புவதற்கும் ஓர் அவை வேண்டும். அவ்வவையையே நாம் இங்கே அறிஞர் கழகம் என்கிறோம். இலண்டன் அரச கழகம் 1660இலும், வில்லியம் ஜோன்ஸ் நிறுவிய கல்கத்தா ஆசியக் கழகம் 1784இலும், இலண்டன் லின்னேயக் கழகம் 1788இலும் தோன்றின. இவற்றின் நடைமுறை எளியது. உறுப்பினர் ஒருவர் கட்டுரை அனுப்புவார். அது கூட்டத்தில் படிக்கப்படும். தகுதியுடையது இதழில் நாளிட்டு அச்சாகும். இதழ் பிற நாட்டுக் கழகங்களுக்குப் பரிமாற்றமாகச் செல்லும். உலர்த்திய செடியும் சாராயத்தில் இட்ட மீனும் பேழைகளில் காக்கப்படும். பல்கலைக்கழகப் பட்டம் எவரும் கேட்கவில்லை. மருத்துவர், படைவீரர், சமயப் பணியாளர், வழக்கறிஞர் எனப் பிற தொழில் செய்தவர்களே பெரும்பாலும் எழுதினர்.

தமிழ் மண்ணில் இதன் தொடக்கத்தைக் காணத் தரங்கம்பாடிக்குச் செல்லவேண்டும். 1620 முதல் தேனியர் ஆட்சியில் இருந்த அத்துறைமுகத்திற்கு 1768இல் லின்னேயஸின் மாணவரான யொஹான் கேர்ஹார்ட் கேனிக் வந்தார். 1771இல் கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன் என்னும் சமயப் பணியாளரும், 1776இல் ரொட்லரும் வந்தனர். இவர்கள் செடிகளையும் குறிப்புகளையும் தமக்குள் பரிமாறி, ‘ஒன்றிய சகோதரர்’ என்று அறியப்பட்ட ஒரு வட்டமாயினர். ரொட்லர் தமிழ் மாணவர்க்கு அகராதிக்காரராகவே அறிமுகமானவர். அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை பகுதிகளாக வெளிவந்தது. அதே மனிதர் ஆயிரக்கணக்கில் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டியவர் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. சொல்லைத் தொகுப்பதும் செடியைத் தொகுப்பதும் அவருக்கு ஒரே பழக்கத்தின் இரு கைகள் போலும்.

யோன் தரங்கம்பாடிக் கடலிலும் ஆறுகளிலும் பிடிபட்ட மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் புளோக்குக்கு அனுப்பினார். புளோக், பெர்லின் இயற்கை ஆய்வு நண்பர் கழகத்தின் உறுப்பினர். நம் விரால் மீனுக்கு அறிவியற்பெயர் வந்ததும் அவர் கையால்தான். 1793இல் அவர் ஒரு மீன் பேரினத்துக்கு யோனின் நினைவாக ‘யோனியஸ்’ என்று பெயரிட்டார். அப்பேரினத்தில் ஒரு சிற்றினத்திற்கு அவர் கொடுத்த பெயர் ‘கருட்டா’. இது இலத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று. தரங்கம்பாடி மீனவர் அம்மீனைக் ‘கறுத்தக் கத்தலை’ என்றனர். அதில் ‘கறுத்த’ என்னும் பெயரெச்சம் மட்டும் கப்பலேறியது. அது தழுவி நின்ற பெயர்ச்சொல் கரையிலேயே நின்றுவிட்டது. இலக்கணம் கற்ற நமக்கு இது சிரிப்பைத் தரலாம். ஆயினும் உலகெங்கும் மீனியல் நூல்கள் இன்றும் அந்த அரைத்தொடரைச் சுமந்தே வருகின்றன.

இதில் மொழியியலார் கவனிக்கவேண்டிய இழப்பு ஒன்றுண்டு. உரோமன் எழுத்தில் அச்சொல்லைக் காண்போர் அதில் உள்ளது வல்லின றகரமா இடையின ரகரமா என்று சொல்ல இயலாது. லகர ளகர ழகரங்களுக்கும், னகர ணகரங்களுக்கும் இதே கதிதான். பதிவு செய்தவர் பிழைபட்டுக் கேட்டாரா, மீனவர் வழக்கே அவ்வாறு இருந்ததா என்பதை ஏட்டைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியாது. மற்றோர் இழப்பும் உண்டு. மீனை அனுப்பியவர் பெயர் பேரினத்தில் நிலைத்தது. வலையிழுத்தவர், ‘இதன் பெயர் இது’ என்று சொல்லிக்கொடுத்தவர், பெயரின்றிப் போனார். அறிஞர் கழகங்களைப் போற்றும்போது இதனை மறைக்க வேண்டியதில்லை.

அதே தரங்கம்பாடியில் 1791ஆம் ஆண்டு நவம்பரில் தால்டோர்ஃப் என்னும் தேனியப் படை அதிகாரி, குளக்கரைப் பனைமரத்தில் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீனைக் கண்டதாக எழுதினார். அது மரப்பிளவைப் பற்றி மேலேறியதாக அவர் குறித்தார். அக்கடிதம் 1797இல் லின்னேயக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. ஐரோப்பா வியந்தது, பின்னர் ஐயுற்றது. செவுள்மூடியின் முட்களை ஊன்றி அம்மீன் தரையில் நெடுந்தொலைவு நகரும் என்பதும், செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் காற்றை உட்கொள்ளும் என்பதும் உறுதியாயின. மரமேறுதலை மட்டும் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. காக்கையோ பருந்தோ கவ்விச் சென்று மரத்தில் விட்டிருக்கலாம் என்ற விளக்கமும் முன்வைக்கப்பட்டது. ஆனால் தமிழர் அம்மீனுக்கு வைத்திருந்த பெயரே ‘பனையேறி’ என்பதுதான். சென்னை மாகாணத்தில் படைமருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் அப்பெயரைத் தமிழ்ப்பெயர் என்ற குறியுடன் சேர்த்தார்.

இங்கே கழகத்தின் பணி இன்னது என்பது துலங்குகிறது. அது தால்டோர்ஃபின் கூற்றை மெய்யென்று முத்திரையிடவில்லை. யார், எங்கே, எப்போது, எத்தகைய மரத்தில் கண்டார் என்பதனை அச்சில் நிறுத்தியது. அச்சில் நின்றதனால்தான் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அதனை மறுக்க முடிந்தது. ஊர்ப்பேச்சாக மட்டும் இருந்திருந்தால் மறுப்பதற்குக்கூட ஒன்றும் இருந்திராது.

தரங்கம்பாடியிலிருந்து நம் கடலுக்கு வருவோம். கேனிக் 1779இல் சயாமுக்கும் மலாக்காவுக்கும் கப்பலில் பயணம் செய்து நாட்குறிப்பு எழுதினார். 1785இல் அவர் இறந்தார். அந்நாட்குறிப்பு கையெழுத்துப்படியாகவே கிடந்தது. அதனை 1894இல் மொழிபெயர்த்து அச்சிட்டது அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை. 1877இல் சிங்கப்பூரில் தோன்றி, அடுத்த ஆண்டே இதழ் தொடங்கிய இக்கிளை, 1923இல் மலாயாக் கிளை என்றும், 1964இல் மலேசியக் கிளை என்றும் பெயர் மாறி இன்றும் நடைபெறுகிறது. அதன் பழைய இதழ்களில் மலாய்க் கதையும் கல்வெட்டும் பாம்பும் பெரணியும் ஒரே அட்டைக்குள் கிடக்கும். மொழியறிஞரும் தாவர அறிஞரும் ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்க நேர்ந்த காலம் அது. துறைகள் பிரிந்தபின் நாம் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று என்பது நம் எண்ணம்.

பினாங்குக்கு இக்கிளை செய்த உதவி ஒன்றைச் சொல்லவேண்டும். வில்லியம் ஹண்டர் கிழக்கிந்தியக் கும்பெனி மருத்துவர். கல்கத்தா ஆசியக் கழகத்தின் செயலாளர். 1808இல் இந்துஸ்தானி-ஆங்கில அகராதி வெளியிட்டவர். பினாங்கின் மிளகு இனங்களைப் பற்றி 1807இல் ஆசியக் கழகத்தின் ஆய்வுத் தொகுதியிலும், வெற்றிலையோடு மெல்லும் கம்பீர் எடுக்கப்படும் கொடியைப் பற்றி 1808இல் லின்னேயக் கழக இதழிலும் எழுதினார். அக்கொடியின் சிற்றினப் பெயர் ‘கம்பீர்’ என்னும் மலாய்ச் சொல்லே. இவை அச்சேறின. ஆனால் பினாங்குத் தீவின் செடிகளைப் பற்றி அவர் எழுதிய விரிவான கையெழுத்துப்படி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அச்சேறாது கிடந்தது. நீரிணைக் கிளை 1909இல் தன் 53ஆம் இதழில் அதனை வெளியிட்டது. இதற்கிடையில் தீவில் காடழிந்து மிளகும் சாதிக்காயும் கிராம்பும் பயிராயின. தீவின் பழைய தாவர நிலையை இன்றைய ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஏடு உதவுகிறது.

1840களில் பினாங்கில் பணிபுரிந்த தேனிய மருத்துவர் தியோடர் காண்டர், மலாய்த் தீபகற்பத்தின் பாலூட்டிகளை 1846இலும், ஊர்வனவற்றை 1847இலும், மீன்களை 1849இலும் வங்க ஆசியக் கழக இதழில் வரிசைப்படுத்தினார். மலாய் வழக்குப் பெயர்களையும் உடன் கொடுத்தார். இராச நாகத்துக்கு 1836இல் அறிவியற்பெயர் இட்டவரும் இவரே. 1884இல் பினாங்குத் தாவரத் தோட்டத்தைத் தொடங்கிய சார்ல்ஸ் கர்ட்டிஸ், தீவில் தானே வளரும் பூச்செடிகள், பெரணிகள் ஆகியவற்றின் பட்டியலை 1894இல் நீரிணைக் கிளையின் 25ஆம் இதழில் வெளியிட்டார். தோட்டத்துக்குச் சுற்றுலா செல்லும் நம் பள்ளி மாணவர்கள் குரங்குகளைக் கண்டு திரும்புகிறார்கள். கர்ட்டிஸின் பட்டியலில் ஒரு பக்கத்தையேனும் கையில் கொண்டு சென்றால் பயன் மிகும்.

1940இல் மலாயா இயற்கைக் கழகம் தோன்றியது. அடுத்து வந்த போர்க்காலத்தில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த மடோக் என்பவர், மலாயாப் பறவைகளைப் பற்றிய நூலை 1943இல் ஒரே படியாகத் தட்டச்சிட்டார். அது போருக்குப்பின் நூலாக வெளிவந்து பறவை நோக்குவோர் பலருக்கு வழிகாட்டியது. அக்கழகம் 1985-86இல் எண்டாவ்-ரொம்பின் காட்டில் நடத்திய ஆய்வுப் பயணம் அறிஞரையும் ஆர்வலரையும் ஒன்றாகக் காட்டுக்குள் அழைத்துச் சென்றது. வெட்டுமரத்துக்குக் குறிவைக்கப்பட்ட அக்காட்டின் ஜொகூர்ப் பகுதி 1993இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பட்டியல் போடுவது பயனற்ற வேலை என்பார்க்கு இதனை எடுத்துக்காட்டலாம்.

தமிழர் கழகங்கள் என்ன செய்தன? 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் அதன் ‘செந்தமிழ்’ இதழும் ஓலைச்சுவடிகளைத் தேடி, ஒப்புநோக்கி, அச்சிட்டன. நீரிணைக் கிளை ஹண்டருக்குச் செய்ததை மதுரைச் சங்கம் நம் பழம் புலவர்க்குச் செய்தது எனலாம். ஆனால் அந்த உழைப்பு நூலை நோக்கியே திரும்பியிருந்தது. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களைப் பற்றி உரையெழுதியோர் பலர். அவற்றை மலையில் தேடியோர் மிகச் சிலர். அச்சிலருள் பி. எல். சாமி தலையாயவர். ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ எழுதியவர் அவர். ஒரு கழகம் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்தார். அதனை நாம் பெருமையாகவும் குறையாகவும் ஒருங்கே கொள்ளவேண்டும்.

மலேசியத் தமிழுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. இந்நாட்டு இயற்கை வரலாற்று ஏடுகளில் மலாய்ப் பெயர்கள் ஓரளவு இடம்பெற்றன. தோட்டங்களில் தலைமுறைகளாகக் காடு திருத்தி, மரம் நட்டு, பால் வெட்டிய தமிழர் வழங்கிய பெயர்கள் அவ்வாறு தொகுக்கப்படவில்லை. அவர்கள் சொல்லற்றவர்களாய் வாழவில்லை. தமிழகத்தார் அறியாத ‘பால்மரம்’, ‘செம்பனை’ போன்ற சொற்கள் இங்கே நாள்வழக்கு. வேலியோரக் கீரை, காய்ச்சலுக்கு அரைத்த இலை, கால்வாயில் பிடித்த மீன், கூரையில் கண்ட பாம்பு என ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது. சில ஊரிலிருந்து கொண்டுவந்து புதிய செடிமேல் சாத்தியவை. சில மலாயிலிருந்து வாங்கித் தமிழ் ஒலியில் தோய்த்தவை. சில இங்கேயே பிறந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளான பின், அப்பெயர்களை அறிந்தோர் அடுக்குமாடிகளில் முதுமையடைந்து வருகின்றனர். செடி அழியாவிடினும் பெயர் அழியும். பெயரோடு அச்செடியைப் பற்றிய பட்டறிவும் போகும்.

ஒரு தமிழ்மொழிக் கழகம் இதில் செய்யக்கூடியது உண்டு. தாவர அறிவியலாரின் துணை வேண்டும். அதற்குக் கெலுகோரிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. பள்ளிகளுக்குத் தேவைப்படுவன ஒரு கட்டுச் சீட்டுகளும் பொறுமையும். ஒரு சீட்டில் ஒரு பெயரை மட்டும் எழுதவேண்டும். சொன்னவர் ஒலித்தவாறே, அகராதி வடிவத்துக்குத் திருத்தாமல், றகர ரகரம் கேட்டறிந்து எழுதவேண்டும். அவர் இசைந்தால் அவருடைய பெயரையும், அவர் வளர்ந்த தோட்டத்தையும் நாளையும் குறிக்கவேண்டும். தரங்கம்பாடி மீனவருக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேரக்கூடாது. இலையும் பூவும் கூடிய ஒரு கிளையைச் செய்தித்தாளின் இடையே வைத்து உலர்த்திச் சீட்டோடு சேர்க்கவேண்டும். பூவின்றி இலையை மட்டும் கொண்டுவந்தால் தாவர அறிவியலார் பெரும்பாலும் கையை விரிப்பர். மீனுக்கும் பறவைக்கும் படமே போதும். ஒரே செடிக்குப் பாட்டி ஒரு பெயரும் பக்கத்து வீட்டு ஐயா வேறொரு பெயரும் சொன்னால், எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. இரண்டு சீட்டு எழுதி, இரண்டையும் பேழையில் இடுக.