ஊசிக்குப் பின் சீரம் பூசலாமா?

சுருக்கம் மறைய போடாக்ஸ் ஊசி போடுவது ஆகுமா என்பது தனிப் பேச்சு. போட்டுக்கொண்ட சகோதரிகள் சிலர், வழக்கமாகப் பூசும் கிளைகாலிக் ஆசிட் சீரத்தைத் தொடரலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். அதை மட்டும் பார்ப்போம்.

ஊசி மருந்து தோலுக்கு அடியிலுள்ள தசையைத் தளர்த்துகிறது. கிளைகாலிக், லாக்டிக் ஆசிட்கள் மேல்தோலின் இறந்த செல்களைத்தான் உதிர்க்கின்றன. ஆகவே சீரம் ஊசியின் பலனைக் கெடுக்காது. ஆபத்து தேய்க்கும் கையில்தான் இருக்கிறது. முதல் நாளில் அழுத்தித் தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவி இமை தொங்கக்கூடும். ஊசித் துளையில் ஆசிட் பட்டால் எரியவும் செய்யும்.

எனவே 24 மணி நேரம் ஆசிட், ஸ்கிரப் இரண்டும் வேண்டாம். உளூவுக்கு இதனால் தடையில்லை. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் முகம் முழுவதும் தண்ணீர் ஓடினாலே கடமை நிறைவேறும், தேய்ப்பது கட்டாயமல்ல. மறுநாள் சிவப்போ வீக்கமோ இல்லையென்றால் வீரியம் குறைந்த சீரத்தை இரவில் மெல்லப் பூசலாம். பகலில் சன்ஸ்கிரீன் அவசியம். ஆசிட் பூசிய தோலை வெயில் சீக்கிரம் தாக்கும். பார்லரில் செய்யும் கெமிக்கல் பீலிங்கிற்கோ இரண்டு வாரமாவது பொறுங்கள், அதையும் ஊசி போட்ட மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள். இமை தொங்கினாலும் அவரிடமே காட்டுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.