கேட்கத் தெரியாதவருக்கும் வக்கீல் உண்டு

புருஷன் அடித்துத் துரத்திவிட்டான், வக்கீல் வைக்கக் காசில்லை என்று ஒரு பெண் வந்து நின்றால், “வருமானச் சான்றிதழ் வாங்கிட்டு இலவச சட்ட உதவிக்குப் போம்மா” என்கிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சான்றிதழுக்காக அவர் அலைய வேண்டியதே இல்லை.

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவைப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், வெள்ளத்திலோ சாதி வன்கொடுமையிலோ பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வரம்பெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

எங்கே போவது? மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும்; தாலுகா கோர்ட்டில் வட்டக் குழு. நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதா? வாயால் சொன்னால் அங்கேயே எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பிறகு ஒரு வக்கீலை நியமிப்பார்கள். அவருடைய ஃபீஸ், கோர்ட் கட்டணம், நகல் எடுக்கும் செலவு எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு. வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் அதே அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

அருணாசலப் பிரதேசத்தில் சுக்தாஸ் என்பவர், மேலதிகாரியை மிரட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். வக்கீல் வைக்க வசதியில்லை. இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அவரால் முடியவில்லை. இரண்டு ஆண்டு தண்டனை. 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. கேட்கவில்லை என்பதற்காக ஒருவர் இந்த உரிமையை இழக்க மாட்டார் என்றது. வக்கீல் வைக்க முடியாதவரிடம் இந்த உரிமையை எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று அதற்கு முன்பே, 1980-இல், பீகாரின் பாகல்பூர் கைதிகளின் வழக்கில் தீர்ப்பாகியிருந்தது.

ஆனாலும், போலீஸ் மகனைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கே தாலியை அடகு வைக்க ஓடுகிற தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் கிளம்பினால், அடகுக் கடைக்குப் போகுமுன் அவரைக் கோர்ட் வளாகத்துக்குக் கூட்டிப் போங்கள். “ரிமாண்ட் செய்யும்போதே சட்ட உதவி வக்கீல் வேண்டும்” என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் நாளே வக்கீல் உடன் நின்றால் ஜாமீன் மனு தாமதமாகாது, நகையும் மூழ்காது.