நர்ஸா? டாக்டரின் உதவியாளரா?

நமது நண்பர் ஒருவர் சென்ற வாரம் கவலை தோய்ந்த முகத்துடன் வந்து சேர்ந்தார். அவருடைய குமாரி பிளஸ் டூ பரீட்சையில் தேறிவிட்டாள். நோயாளிகளுக்குப் பணி செய்ய வேண்டுமென்பது அவளது உறுதி. நர்ஸ் படிப்பா, 'பிஸிஷியன் அஸிஸ்டெண்ட்' படிப்பா என்பதில்தான் வீட்டில் மகாயுத்தம்!

"நர்ஸ் என்றால் நாளைக்குச் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள். மற்றதில் 'பிஸிஷியன்' என்ற சொல்லாவது இருக்கிறதே!" என்றார் நண்பர்.

பெயரைப் பார்த்தா பெண்ணின் வாழ்க்கையை நிர்ணயிப்பது? இரண்டையும் சற்று ஆராய்வோம்.

1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் இப்புதிய படிப்பைத் தொடங்கினார். கடற்படையில் மருத்துவப் பணி செய்தவர்கள் நால்வர் சேர்ந்தனர். 1967-ல் மூவர் தேறினர். இந்தியாவில் இதற்கு வித்திட்ட இடம் நமது சென்னையேயாகும். 1992-ல் டாக்டர் கே. எம். செரியன் மதராஸ் மெடிகல் மிஷனில் இதை ஆரம்பித்தார். நோயின் வரலாற்றை விசாரித்து எழுதுதல், உடலைப் பரிசோதித்தல், அறுவைச் சிகிச்சையில் கைகொடுத்தல் முதலியன இவர்களுடைய வேலை. எல்லாம் டாக்டரின் மேற்பார்வையில்தான்; தனியே பலகை மாட்டி வைத்தியம் செய்ய உரிமையில்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலுக்கு அங்கீகாரம் அளித்திருக்கிறது.

நர்ஸ் தொழிலோ வேரூன்றிய விருட்சம். 1946-லேயே வேலூரிலும் டில்லியிலும் பட்டப் படிப்பு தொடங்கிவிட்டது. 1947-ல் இந்திய நர்ஸிங் கவுன்சிலுக்கான சட்டம் பிறந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உத்தியோகம் உண்டு. கடல் கடந்து செல்ல விரும்பினால், நமது நர்ஸுகள் அமெரிக்கப் பரீட்சை எழுதித் தேறலாம். இந்தியாவில் உதவியாளர் பட்டம் பெற்றவரோ அந்நாட்டில் அத்தொழிலுக்குரிய பரீட்சையை எழுத முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் மறுபடியும் படித்தாக வேண்டும். பட்டத்துக்குப் பணம் கட்டுமுன் பெற்றோர் இதை அறிந்திருத்தல் நலம்.

ஆகையால் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பது பேதைமை. நோயின் காரணத்தைத் துருவி ஆராய்வதில் ஆவலும், டாக்டரின் சொற்படி நடக்கும் பொறுமையும் உள்ளவளுக்கு உதவியாளர் வேலை பொருந்தும். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து, அவன் முகம் மாறுவதை முதலில் கண்டறிந்து காப்பாற்ற விரும்புகிறவளுக்கு நர்ஸ் வேலையே உகந்தது. எது தன் இயல்பு என்பதைப் பெண்ணே சொல்லட்டும்.

சம்பந்தி வீட்டாரைப் பற்றி நண்பருக்கு ஒரு வார்த்தை: அவர்களுக்கு நோய் வந்தால் இரவு இரண்டு மணிக்குத் தலைமாட்டில் நிற்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சுளித்த முகம் தானே மலர்ந்துவிடும்!