தூய நொதியோடு வந்து சேரும் அகநச்சு

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவைக் கரைத்து அதன் டி.என்.ஏ.வை எடுக்க முயலும்போது, முட்டை வெள்ளைக்கருவிலிருந்து கிடைக்கும் லைசோசைம் பெரிதும் உதவுவதில்லை. அந்த நொதி வெட்ட வேண்டிய சர்க்கரைச் சங்கிலியில் அசிட்டைல் தொகுதிகளை ஒட்டிவைத்து அப்பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்கிறது. அங்கே கைகொடுப்பது 1964இல் கண்டறியப்பட்ட லைசோஸ்டஃபின். ஸ்டஃபைலோகாக்கஸ் சிமுலன்ஸ் என்னும் நெருங்கிய இனம் சுரக்கும் இந்நொதி, செல் சுவரின் வலைப்பின்னலை இணைத்து நிறுத்தும், ஐந்து கிளைசின்கள் கோத்த பாலத்தைத் துண்டிக்கிறது. சுரக்கும் இனமோ தன் பாலத்தில் கிளைசினுக்குப் பதிலாகச் செரினைப் புகுத்தித் தப்பிக்கொள்கிறது.

இன்று ஆய்வகங்கள் வாங்கும் லைசோஸ்டஃபினில் பெரும்பகுதி மறுசேர்க்கை நொதியாகும். அதாவது, அதற்குரிய மரபணுவை வேறோர் உயிரியில், பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில், புகுத்திப் பெறப்படுவது. இவ்வகை நொதிகள் பலவற்றின் முனையில் ஆறு ஹிஸ்டிடின்கள் கொண்ட வால் ஒன்று சேர்க்கப்படுகிறது. நிக்கல் அயனிகள் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாயில் கலவையை ஊற்றினால், வாலுள்ள புரதம் ஒட்டிக்கொள்ள, மற்றவற்றில் பெரும்பாலானவை வழிந்துவிடுகின்றன. பின்னர் மின்புலத்தில் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, கூமாசி நீலத்தில் சாயமேற்றினால், ஒற்றை நீலக்கோடு தெளிவாகத் தெரிகிறது; நொதி தூயது என்ற முடிவும் அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அந்தச் சாயம் புரதத்தை மட்டுமே காட்டும் என்பதுதான் கவலைக்குரியது. ஈ.கோலையின் வெளிச்சவ்வில் செறிந்திருக்கும் லிப்போபாலிசாக்கரைடு, கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த அகநச்சு. கூமாசி அதைத் தொடுவதில்லை. எதிர்மின்னேற்றம் கொண்ட இப்பொருள், லைசோஸ்டஃபின், லைசோசைம் போன்ற நேர்மின்னேற்றப் புரதங்களை இறுகப் பற்றிக்கொண்டு குழாயைக் கடந்து வந்துவிடக்கூடும். மனித இரத்தத்தின் மோனோசைட் வெள்ளையணுக்கள் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பத்து பிகோகிராம் அகநச்சுக்கே அழற்சிப் புரதங்களைச் சுரக்கத் தொடங்குவதால், எஞ்சியிருக்கும் துளியளவும் அற்பமானதன்று.

டி.என்.ஏ. எடுப்பதோடு வேலை முடிந்துவிடும் ஆய்வுகளுக்கு இதனால் கேடில்லை என்று சொல்பவர்கள் உண்டு, அது சரியே. ஆனால் அதே புட்டி நோயெதிர்ப்பு ஆய்வுகளுக்கும் செல்கிறது. செல் சுவரின் வலைப்பின்னலான பெப்டிடோகிளைகனை நொதியால் துண்டாக்கி, அத்துண்டுகளை வெள்ளையணுக்களின் மேல் இட்டு, முராமைல் டைபெப்டைடு என்னும் சிறு துண்டை உணரும் நாட்2 ஏற்பி எவ்வளவு எழும்புகிறது என்று அளக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். நொதியோடு வந்த அகநச்சு டி.எல்.ஆர்.4 என்னும் வேறோர் ஏற்பியைத் தட்டியெழுப்பும். அது மட்டுமல்லாமல், முராமைல் டைபெப்டைடும் அகநச்சும் சேர்ந்தால் விளைவு இரண்டின் கூட்டுத்தொகையையும் மிஞ்சிவிடுகிறது. அந்த உயர்வு முழுவதும் செல் சுவரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டால், அடுத்துவரும் ஆய்வுகள் அந்தப் பிழையின் மேலேயே எழும்.

இது வெறும் அச்சமன்று. ஈ.கோலையில் தயாரித்த வெப்ப அதிர்ச்சிப் புரதங்களான எச்.எஸ்.பி.60, எச்.எஸ்.பி.70 ஆகியவை நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுவதாகப் பல ஆய்வுகள் முன்பு அறிவித்தன. 2000களின் தொடக்கத்தில் மிகத் தூய்மையாக்கிய புரதங்களைக் கொண்டு சோதித்தபோது, அத்தூண்டலின் பெரும்பகுதி கலந்திருந்த அகநச்சின் வேலை என்று தெரியவந்தது.

கண்டுபிடிக்க வழி இல்லாமலில்லை. குதிரைலாட நண்டின் இரத்தச் செல்களிலிருந்து எடுக்கும் சாறு அகநச்சு பட்டதும் உறைகிறது. ஆயினும் புரதம் பற்றிக்கொண்ட அகநச்சு இச்சோதனைக்குச் சிக்காமல் ஒளிந்துகொள்ளவும் கூடும் என்பதால், அளவு தெரிந்த அகநச்சை மாதிரியில் கலந்து, அது முழுமையாகத் திரும்ப அளவிடப்படுகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். பெப்டிடோகிளைகன் சேர்க்காமல் நொதியை மட்டும் செல்களில் இட்டுப் பார்ப்பதும், டி.எல்.ஆர்.4 பழுதான எலிகளின் செல்களில் அதே சோதனையைத் திரும்பச் செய்வதும் அதிகச் செலவில்லாத காவல்கள். வெளிச்சவ்வே இல்லாத பேசில்லஸ் சப்டிலிஸில் நொதியைத் தயாரித்தால் அகநச்சுத் தொல்லை நீங்கும். ஆனால் அதன் லிப்போபுரதங்கள் டி.எல்.ஆர்.2 என்னும் ஏற்பியைத் தூண்டக்கூடியவை என்பதால், அங்கும் சோதனையைக் கைவிட முடியாது. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை அகநச்சு அலகுகள் உள்ளன என்பதைப் புட்டியோடு வரும் தாளிலும், அதை வைத்து எழுதப்படும் ஆய்வறிக்கையிலும் பதிவு செய்வதை ஆய்விதழ்கள் கட்டாயமாக்க வேண்டும்.