தரைப்பாலத்தில் பேரிகேட்: போலீஸ் ஏன் 'ஒரே நிமிஷம்' கூட விடுவதில்லை?

"சார், ஷிப்ட்டுக்கு லேட் ஆகுது... ஒரே நிமிஷத்துல பைக்ல தாண்டிடுறேன்!" ஆற்றில் வெள்ளம் போகும் நாளில், தரைப்பாலத்தில் நிற்கும் போலீஸ்காரரிடம் நம்மில் பலர் சொல்வது இதுதான். அவர் விடமாட்டார். ஏன்?

மழையே இல்லையே, வெள்ளம் எப்படி?

ஊத்துக்கோட்டையை ஒட்டி ஓடும் ஆரணி ஆறு ஆந்திராவிலிருந்து வருகிறது. அங்குள்ள பிச்சாட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறந்தால், இங்கே வெயில் அடித்தாலும் ஆறு பெருகும். தரைப்பாலம் மூழ்கி, திருவள்ளூர் போக்குவரத்து நின்ற மழைக்காலங்கள் உண்டு. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். ஒரு அடி இருந்தால் சின்ன காரையே இழுத்துப் போகும்.

தடுக்க அதிகாரம் இருக்கா?

இருக்கிறது. 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். பாதிக்கப்பட்ட பகுதியில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த பிரிவு 34 இடம் தருகிறது. உத்தரவை ஏற்க மறுத்து அடம்பிடித்தால், பிரிவு 51-ன்படி ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

காக்கி எல்லாம் ஒன்றா?

இல்லை. போலீஸ் வழியை அடைக்கும். ஊர்க்காவல் படையினர் அதற்குத் துணை நிற்பார்கள். இவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே சேவைக்கு வரும் தன்னார்வலர்கள். கயிறு, லைஃப் ஜாக்கெட்டுடன் தண்ணீரில் இறங்குவது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. நிலைமை கைமீறினால் வருவது தேசியப் பேரிடர் மீட்புப் படை. அதன் 4-வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்களும் சாலை வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அதனால் முதல் சில நிமிடங்கள் முழுக்க உள்ளூர் நிலையத்தின் கையில்தான்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. உள்ளூர் நிலையத்தில் ஆட்களும் வண்டிகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒரு பைக்கைத் தேடி அவர்கள் ஆற்றில் இறங்கியிருக்கும்போது, வெள்ளம் சூழ்ந்த வீட்டில் இருக்கும் கர்ப்பிணியோ முதியவரோ காத்திருக்க வேண்டும். நாம் எடுக்கும் ரிஸ்க் நம்மோடு முடிவதில்லை.

அவசரத்துக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இரண்டையும் இப்போதே போனில் சேமித்து வையுங்கள். லேட் ஆனால் சூப்பர்வைசரிடம் ஒரு திட்டு, அவ்வளவுதான்!